மலையில் த்ரீ-இன்-ஒன் வெல்டிங் மெஷின்: கரண்ட், காற்று, ஈரம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் முன்பெல்லாம் கேட் உடைந்தால் அதைக் கழற்றி, பிக்கப்பில் ஏற்றி, பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டறையில் இருந்த டிரான்ஸ்பார்மர் மெஷின் இரும்பும் செம்புமாக அத்தனை கனம், அதை எஸ்டேட் சரிவில் யார் இறக்குவது? இப்போது பத்துப் பதினைந்து கிலோவில், தோளில் மாட்டிக்கொண்டு போகிற பெட்டி வந்துவிட்டது. பூச்சுள்ள கம்பியை உருக்கும் ராடு வெல்டிங், ஒயர் தானே ஓடிவரும் மிக் (சி.ஓ.டூ என்று நாம் சொல்வது), உருகாத டங்ஸ்டன் முனையால் உருக்கும் டிக் (ஆர்கான் என்று சொல்வது), மூன்றும் அதிலேயே. காட்டுமாடு முட்டிச் சாய்த்த வேலிக் கம்பமோ, கேரட் கழுவும் மெஷினின் டிரம்மோ, பசுமைக்குடிலின் குழாயோ, எது உடைந்தாலும் இருந்த இடத்திலேயே வேலை முடிகிறது.

ஆனால் அந்தப் பெட்டியோடு வரும் கையேடு சமவெளிக்காக எழுதப்பட்டது. முகப்பில் மூன்று முறைகளும் ஒரே மாதிரி பட்டன்களாகத்தான் இருக்கும், எதை வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பது போல. மலையில் அந்த முடிவு பாதிதான் நம் கையில். மீதியை அன்றைக்கு வருகிற கரண்டும், அடிக்கிற காற்றும், ஊறி நிற்கிற ஈரமும் எடுத்துவிடுகின்றன. மெஷினை வாங்கியவுடன் ஆம்பியர் குமிழைத் திருகிப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும்.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாக. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கி, ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சுகள் அதை ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டுகின்றன. அவ்வளவு வேகமாக வெட்டிய கரண்டுக்குச் சின்ன டிரான்ஸ்பார்மரே போதும், அதனால்தான் எடை குறைந்தது. ராடு, டிக் இரண்டிலும் மெஷின் ஆம்பியரைப் பிடித்துவைக்கும், நம் கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஆம்பியர் அதிகம் மாறாது. மிக்கில் தலைகீழ்: மெஷின் வோல்டேஜைப் பிடித்துவைக்கும், ஆம்பியரை ஒயர் ஓடும் வேகம் தீர்மானிக்கும். ராடு வெல்டிங்கில் பழகிய கை மிக்கில் முதல் நாள் தடுமாறுவது இதனால்தான், இரண்டும் வேறு வேறு குணம்.

பெட்டியின் பின்பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கும். விற்பவர் அதில் 200 ஆம்பியர் என்பதை மட்டும் காட்டுவார். அதற்குப் பக்கத்தில் 60 சதவீதம் என்றோ 40 சதவீதம் என்றோ இருப்பதையும் பார்க்க வேண்டும்: பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அல்லது நாலு நிமிடம்தான் அந்த ஆம்பியரில் தொடர்ந்து ஓட்டலாம், மீதி நேரம் ஆற வேண்டும். இந்தக் கணக்கு 40 டிகிரி வெயிலில் போடப்படுவது. அப்படியானால் 15 டிகிரி ஊட்டியில் இன்னும் நன்றாக ஓடும் என்று தோன்றும். அரைகுறையாக உண்மை. வெல்டிங் மெஷின்களுக்கான ஐ.இ.சி. 60974 தரம், கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறது. கூடலூர் ஏறக்குறைய அந்த எல்லையில் இருக்கிறது. குன்னூர் 1850 மீட்டர், ஊட்டி 2240. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உள்ளே சுழலும் ஃபேன் அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைவு. குளிர் கொடுப்பதை மெல்லிய காற்று ஓரளவு திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் குளிர்தானே என்று சதவீதத்தைத் தாண்டி ஓட்ட வேண்டாம். சூடேறி மஞ்சள் விளக்கு எரிந்தால் சுவிட்சை அணைக்காமல் ஃபேன் ஓடவிட்டு ஆறவிடுங்கள். அணைத்துவிட்டால் சூடு உள்ளேயே தங்கி அடுத்த பாகத்தைச் சுடும்.

சரி, கரண்டுக்கு வருவோம். மலையில் பெரும்பாலான வேலை லைனின் கடைசியில்தான் நடக்கிறது. டிரான்ஸ்பார்மர் மேலே ரோட்டோரம் இருக்கும், வீடு கீழே தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும், நடுவில் அஞ்சாறு போஸ்ட். பசுந்தேயிலை வரத்து அதிகமுள்ள மாதங்களில் பக்கத்து ஃபேக்டரி முழுவேகத்தில் ஓடும்போது அந்தக் கடைசி வீட்டில் 180 வோல்ட் இருந்தால் அதிசயமில்லை. பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினாக இருந்தால் ஆர்க் (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்சுடர்) மங்கும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் மெஷின், அதாவது நம் பெட்டி, வேறு மாதிரி: வெளியே 100 ஆம்பியர் கொடுக்கச் சொன்னால், உள்ளே வோல்டேஜ் குறைந்தால்கூட அதே சக்தியைத் தேற்றிக்கொடுக்க லைனிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கூடுதலாக இழுத்தால் லைனில் இன்னும் வோல்டேஜ் விழும். விழுந்தால் இன்னும் இழுக்கும். கடைசியில் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழும், இல்லாவிட்டால் மெஷினே வோல்டேஜ் குறைவு என்று நின்றுவிடும்.

இங்கேதான் மூன்று முறைகளின் வித்தியாசம் வேலைக்கு வருகிறது. ஒரே 100 ஆம்பியருக்கு, தரக் கணக்கின்படி ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் வோல்டேஜ் 24, மிக்கில் 19, டிக்கில் 14. அதாவது ராடு 2400 வாட் கேட்கிறது, மிக் 1900, டிக் 1400. மெஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டர் குறைவையும் சேர்த்தால் (பவர் ஃபேக்டர் என்பது இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு, மலிவு மெஷின்களில் 0.7 அளவில் இருக்கும்) 230 வோல்ட் லைனில் ராடுக்குச் சுமார் 17 ஆம்பியரும் மிக்குக்கு 14ம் டிக்குக்கு 10ம் வரும். லைன் 180க்கு இறங்கினால் ராடு 22ஐத் தாண்டும். வீட்டில் இருக்கும் பவர் பிளக் 16 ஆம்பியர். கீசர் பிளக்கில் சொருகி 3.15 எம்.எம். ராடு ஓட்டினால் பிளக் ஏன் உருகுகிறது என்பதற்கு இதுதான் பதில். கரண்ட் நோஞ்சானாக இருக்கும் இடத்தில் 2.5 எம்.எம். ராடை 70, 80 ஆம்பியரில் ஓட்டுங்கள், அல்லது காற்று இல்லாத இடமென்றால் மிக்குக்கு மாறுங்கள். 3.15 ராடுதான் வேண்டும் என்றால் 32 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., அதற்கேற்ற ஒயர் வேண்டும், லைனின் அனுமதிக்கப்பட்ட லோடையும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் புகார் மெஷின்மேல் வருகிறது, குற்றவாளி ஒயர். 50 மீட்டர் ஒயர் என்றால் கரண்டுக்குப் போக வர 100 மீட்டர். 17 ஆம்பியர் ஓடும்போது 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 20 வோல்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், 2.5ல் ஏறக்குறைய 14, 4 ஸ்கொயரில் 8. ஏற்கெனவே 190 வருகிற இடத்தில் இந்த 20 வோல்ட்தான் வேலை நடப்பதற்கும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். மிச்ச ஒயரைச் சுருளாகவே விட்டுவிட்டு ஓட்டுவது இன்னொரு பழக்கம்: சுருளுக்குள் சூடு போக வழியில்லாமல் உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழுதாகப் பிரித்துப் போடுங்கள். முடிந்தால் மெஷினைப் பிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, ராடைப் பிடிக்கும் ஹோல்டரின் கேபிளையும் எர்த் கேபிளையும் நீட்டுங்கள். 35 ஸ்கொயர் கேபிள் இரண்டு பக்கமும் இருபது மீட்டர் நீட்டினாலும் 100 ஆம்பியரில் இழப்பு இரண்டு வோல்ட் சொச்சம்தான், அதோடு மெஷின் மழையிலிருந்தும் தள்ளி நிற்கும்.

கரண்டே இல்லாத இடத்தில் ஜெனரேட்டர். மேட்டுப்பாளையத்தில் ஓடுகிற ஜெனரேட்டர் ஊட்டியில் அதே சக்தி கொடுக்காது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் மூன்று, மூன்றரை சதவீதம் பலம் இழக்கும் என்பது எஞ்சின்காரர்களின் கணக்கு. ஊட்டிக்கு ஏறும்போது ஏறக்குறைய கால்வாசி போய்விடும். 5 கே.வி.ஏ. என்று எழுதியிருப்பது அங்கே நாலுக்கும் கீழே. கார்புரேட்டர் எஞ்சின் என்றால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகி, கறுப்புப் புகையும் வரும். வாடகைக்கு எடுக்கும்போதே ஒரு படி பெரியதாக எடுங்கள். ஜெனரேட்டர் ஓடிச் சீரான பிறகே மெஷினின் சுவிட்சைப் போட வேண்டும், நிறுத்தும்போது முதலில் மெஷின், பிறகு ஜெனரேட்டர். பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கவிட்டால் அந்த நேரத்தில் வோல்டேஜ் தாறுமாறாக ஆடும், போர்டு போவது பெரும்பாலும் அப்போதுதான். மழைக்காக ஜெனரேட்டரைக் கொட்டகைக்குள் இழுத்து வைப்பது வேண்டவே வேண்டாம், அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

அடுத்தது எர்த். நம் ஊரில் இந்த ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு பொருளுக்கு வைத்திருக்கிறோம், அதனால் வரும் குழப்பம் ஆபத்தானது. வேலைப் பொருளில் கவ்வுகிற எர்த் கிளாம்ப், வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் பாதை மட்டுமே. பிளக்கின் மூன்றாவது முள் வழியாகத் தரைக்குப் போகும் எர்த்தான் மெஷினின் உடம்பில் கரண்ட் கசிந்தால் நம்மைக் காப்பது. கிளாம்ப் போட்டாச்சு, எர்த் இருக்கு என்று மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளில் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீலகிரியின் அடியில் கிடப்பது சார்னோக்கைட் பாறை, பல வீடுகளில் எர்த் குழி நாலடியிலேயே பாறையில் முட்டி நின்றிருக்கும், வெயில் மாதங்களில் அந்தக் குழி காய்ந்து பெயருக்குத்தான் இருக்கும். அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் சுவிட்ச்) இல்லாத போர்டிலிருந்து வெல்டிங்குக்குக் கரண்ட் எடுக்காதீர்கள். அதே சமயம் ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். ஹோல்டர் பக்கத்துக் கரண்ட், மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப்புறம் தனியாக இருக்கிறது, அங்கே ஷாக் அடித்தால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே தெரியாது.

கிளாம்பை எங்கே கவ்வ வைக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். வெல்டிங் விழும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள், பெயின்ட், துருவைக் கிரைண்டரில் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிகிற இடத்தில். தேயிலை ஃபேக்டரியில் ரோலரின் கையில் ஒரு விரிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் அடிச்சட்டத்தில், ராடு மேலே கையில். நடுவில் இருப்பது பேரிங். 100 ஆம்பியரும் அந்தக் குண்டுகள் வழியாகத்தான் திரும்பிப் போகும், ஒவ்வொரு குண்டும் தொடும் புள்ளியில் குட்டிக் குட்டி ஆர்க் விழுந்து சின்னக் குழிகள் ஆகும். வெல்டிங் அருமையாக நிற்கும், அப்புறம் கொஞ்ச நாளில் பேரிங் கரகரக்கும், யாரும் வெல்டரை நினைக்க மாட்டார்கள். வண்டியில் வெல்டிங் வைக்கும்போதும் இதேதான், அங்கே கூடுதலாக பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட வேண்டும்.

ஈரத்துக்கு வருவோம். நீலகிரியில் மழைக்காலம் ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து கொட்டும் (2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது). குன்னூர், கோத்தகிரிக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில். இரண்டு பக்கமும் வேலை எடுக்கிறவருக்கு வருஷத்தில் பாதி மாதங்களில் ஏதோ ஒரு மழை இருக்கும், மழை இல்லாத நாளில் மஞ்சு இருக்கும். மெஷினின் தகட்டில் ஐ.பி.21எஸ் என்று இருந்தால் அது மேலிருந்து நேராகச் சொட்டும் தண்ணீரைத் தாங்கும், சாய்ந்து அடிக்கும் சாரலைத் தாங்காது. ஐ.பி.23 என்றால் சாரலையும் ஓரளவு தாங்கும். அதே தகட்டில் தனியாக ஒரு கட்டத்துக்குள் எஸ் எழுத்து இருந்தால் அது வேறு விஷயம்: ஷாக் ஆபத்து கூடுதலான ஈரமான, குறுகலான இடங்களில் ஓட்டத்தக்க வோல்டேஜ் என்று பொருள். ஆனால் எந்த எழுத்தும் மழையில் நின்று ஓட்டச் சொல்லவில்லை.

“அண்ணே, சாரல்தானே, இன்னும் ரெண்டு டாக்தான் இருக்கு, முடிச்சிரலாமே” என்று வீட்டுக்காரர் சொல்வார் (டாக் என்பது பொட்டு வைத்தது போலச் சின்னதாக வைக்கும் வெல்டிங்). அவர் குடைக்குள் நிற்கிறார். ராடை ஹோல்டரில் மாட்டும்போது, ஆர்க் இல்லாத அந்த நேரத்தில்தான், முனையில் 60லிருந்து 80 வோல்ட் வரை நிற்கிறது. காய்ந்த கை, காய்ந்த கிளவுஸ், செருப்பாக இல்லாமல் காய்ந்த ஷூ என்றால் ஒன்றும் ஆகாது. நனைந்த கிளவுஸ், சேறான தரை, முதுகு நனைந்து இரும்புக் கேட்டில் சாய்ந்த உடம்பு என்றால் அதே 80 வோல்ட் ஆளைச் சாய்க்கும். ஷாக் தசையை இறுக்கிவிட்டால் கையை எடுக்க நினைத்தாலும் வராமல் போகலாம். காலடியில் காய்ந்த பலகை, மாற்று கிளவுஸ் ஒரு ஜோடி, ராடு மாற்றும்போதும் கிளவுஸ் கழற்றாமை, இவ்வளவுதான் வேண்டியது. வி.ஆர்.டி. உள்ள மெஷின் கிடைத்தால் வாங்குங்கள், ஆர்க் இல்லாத நேரத்தில் அது முனையின் வோல்டேஜை 35க்குக் கீழே இறக்கி வைக்கும். சில மெஷின்களில் அதை அணைத்து வைக்க ஒரு சுவிட்சும் இருக்கும், ஆர்க் சுலபமாகப் பிடிக்கிறது என்று யாராவது அணைத்து வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரம் ஆளைத் தொடுவதற்கு முன்பே ராடைத் தொட்டுவிடும். சாதாரண வேலைக்குப் போடுவது 6013 என்ற நம்பர் ராடு, மஞ்சில் திறந்து கிடந்த பாக்கெட்டின் 6013 ராடைப் பற்றவைத்தால் படபடவென்று தெறிக்கும், ராடின் மேல்பூச்சு வெடித்து உதிரும், கசடைத் தட்டினால் கீழே ஊசிக் குத்துகளாக ஓட்டைகள். பலமான இடத்துக்குப் போடும் 7018 ராடில் இது இன்னும் மோசம், கண்ணுக்கு ஓட்டை தெரியாமலேயே ஈரத்தின் ஹைட்ரஜன் இரும்புக்குள் இறங்கி, ஆறிய பிறகு பக்கத்தில் விரிசல் விடும். இரண்டையும் ஒரே சூட்டில் காயவைக்கக் கூடாது. 6013க்கு நூறு டிகிரியை ஒட்டி ஒரு மணி நேரம் போதும், அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை, முழுக்க வறுத்துவிட்டால் ஆர்க் கெட்டுப்போகும். 7018க்கு 300லிருந்து 350 டிகிரி, ஒன்று இரண்டு மணி நேரம், அதற்கு அதற்கான ஓவன்தான். விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் 6013 ராடு அடுத்த வாரம்வரை நன்றாக இருக்கும், 7018க்கு அந்த அடுப்பு உதவாது. மரப்பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு ராடு வைக்கும் பழைய முறை காய்ந்த ராடைக் காய்ந்தபடி காப்பாற்றும், நனைந்ததைச் சரிசெய்யாது. மிக் ஒயரும் அப்படித்தான். மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தால் ஒயரின் செம்புப் பூச்சுக்குக் கீழே துரு பூத்து, ஒயர் ஓடும் குழாயான லைனருக்குள் உராய்ந்து, தடக் தடக்கென்று நிற்கும். வேலை முடிந்ததும் ஸ்பூலைக் கழற்றி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

இன்னொரு ஈரமும் உண்டு, அது மழை இல்லாமலே வரும். ஜனவரி உறைபனியில் ராத்திரி முழுக்கப் பிக்கப்பில் கிடந்த மெஷினைக் காலையில் அடுப்பெரியும் ஃபேக்டரிக்குள் தூக்கி வந்தால், உள்ளே போர்டு முழுக்க வியர்த்துவிடும். உடனே சுவிட்ச் போடக் கூடாது. பெட்டி அந்த அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு டீ, இரண்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

காற்று விஷயத்தில் மலை இரக்கமே காட்டாது. மிக்கும் டிக்கும் நிற்பது கேஸின் திரையில். ஒயர் உருகும் இடத்தைச் சுற்றி சி.ஓ.டூவோ ஆர்கானோ மூடிக்கொண்டிருந்தால்தான் காற்றின் ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே வராது. மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் காற்று, அதாவது இலை மெல்ல ஆடுகிற காற்று, அந்தத் திரையைக் கலைத்துவிடும். மேட்டில் நிற்கிற வீட்டில் அதைவிடக் குறைவாகக் காற்று அடிக்கும் நாளைத் தேட வேண்டும். பலர் கேஸைக் கூட்டுகிறார்கள், 10லிருந்து 15 லிட்டர் ஓட வேண்டியதை 25க்கு வைக்கிறார்கள். நாசிலிலிருந்து அவ்வளவு வேகமாக வரும் கேஸ் தானே சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், ஓட்டை இன்னும் கூடும், சிலிண்டரும் சீக்கிரம் தீரும். தார்ப்பாயோ பழைய ஜிங்க் ஷீட்டோ வைத்துத் தடுப்புக் கட்டுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு ராடுதான். டிக்கை வெளியே எடுக்கவே வேண்டாம், அது பட்டறைக்குள் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலைக்கு.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் ஒயர். ஒயருக்குள்ளேயே மருந்து இருக்கும், ராடு மாதிரி தன் புகையாலேயே உருகும் இடத்தை மூடிக்கொள்ளும், காற்றை ஓரளவு தாங்கும், சிலிண்டரைச் சரிவில் சுமக்கும் வேலையும் இல்லை. வேலிக் கம்பத்துக்கு மிக வசதி. ஆனால் இதில் போலாரிட்டி, அதாவது பாசிட்டிவ், நெகட்டிவ் இணைப்பு, மாற வேண்டும். கேஸோடு ஓடும் சாதா ஒயருக்கு டார்ச் (ஒயர் வெளிவரும் கைப்பிடி) பாசிட்டிவ், கிளாம்ப் நெகட்டிவ். ஃப்ளக்ஸ் ஒயருக்கு டார்ச் நெகட்டிவ், கிளாம்ப் பாசிட்டிவ். டிக்கிலும் டார்ச் நெகட்டிவ்தான். மெஷின் முகப்பில் ஒரு குட்டை ஒயர் தொங்கும் அல்லது மூடிக்குள் இரண்டு போல்ட் இருக்கும், அதை மாற்றிப் போடாமல் பட்டனை மட்டும் மாற்றினால் சொதசொதவென்று தெறித்துக் கொட்டும், வெல்டிங் மேலே உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்காது. ஒயரைத் தள்ளும் உருளையும் மாற வேண்டும்: சாதா ஒயருக்கு வி பள்ளம், ஃப்ளக்ஸ் ஒயருக்குப் பற்கள் போட்டது. பற்கள் போட்ட உருளையில் சாதா ஒயரை ஓட்டினால் அது செதுக்கிய செம்புத்தூள் லைனரை அடைக்கும்.

மிக்கை முதன்முதலாகச் செட் செய்யும்போது 2 எம்.எம். ஸ்கொயர் பைப், 0.8 ஒயர் என்று ஆரம்பியுங்கள், பெரும்பாலான கேட் வேலை அதுதான். 17, 18 வோல்ட், ஒயர் நிமிடத்துக்கு ஐந்து மீட்டர் சுமார், 80 ஆம்பியர் பக்கம் நிற்கும். டார்ச் முனையிலிருந்து ஒயர் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கட்டும். வடகம் பொரிகிற மாதிரி சீராகச் சத்தம் வந்தால் சரி. ஒயர் இரும்பில் குத்திக் கையைத் தள்ளினால் ஒயர் வேகம் அதிகம், முனையில் பெரிய உருண்டையாகத் தொங்கினால் வோல்டேஜ் அதிகம். உருளையின் அழுத்தத்தை அளவாக வையுங்கள், ஒயரை ஒரு மரக்கட்டையில் முட்டவிட்டால் உருளை வழுக்க வேண்டும், முட்டிக்கொண்டு கூடு கட்டக் கூடாது. கரண்ட் ஆடும் ஊரில் காலையில் வைத்த செட்டிங் மத்தியானம் மாறினது போலத் தோன்றினால் முதலில் மல்டிமீட்டரைப் பிளக்கில் வைத்துப் பாருங்கள், அப்புறம் குமிழைத் தொடலாம்.

சி.ஓ.டூ சிலிண்டர் குளிரில் ஒரு விளையாட்டு காட்டும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். மீட்டர் காட்டுவது திரவத்துக்கு மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம், அது வெப்பத்தோடு ஏறி இறங்கும். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் 70 பார் காட்டிய அதே முழு சிலிண்டர், ஊட்டியில் 5 டிகிரி காலையில் 40 பார்தான் காட்டும். ஏமாந்துவிட்டோம் என்று கேஸ்காரரிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை. அதே காரணத்தால், மீட்டர் அசையாமல் நிற்கிறது என்று நம்பவும் முடியாது, திரவம் தீரும்வரை அது அப்படியே நிற்கும், பிறகு சடாரென்று விழும். எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி. ஆர்கான் அப்படியல்ல, அது கேஸாகவே அடைபட்டிருக்கிறது, மீட்டர் சொல்வதை நம்பலாம். தொடர்ந்து ஓட்டும்போது திரவம் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சுவதால் ரெகுலேட்டர் வெள்ளையாகப் பனி பூத்து உறையும், கேஸ் விட்டு விட்டு வரும். அதற்கான ஹீட்டர் வாங்கி மாட்டுங்கள். துணியைக் கொளுத்திக் காட்டுவதையும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். மலைப்பாதையில் ஏற்றும்போது மூடி போட்டு, நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி, திறந்த வண்டியில். கண்ணாடி ஏற்றிய காருக்குள் கசிந்தால் காற்றின் இடத்தை அது எடுத்துக்கொள்ளும், ஓட்டுகிறவருக்கு மயக்கம் வரும்வரை தெரியாது.

குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வெல்டிங் வைக்கும் பழக்கத்தால்தான் நம் பக்கத்து வெல்டர்களின் நெஞ்சு கெடுகிறது. 2017ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. இது ஒரு பக்கம். உடனே தெரிவது ஜி.ஐ. பைப்பின் புகை. பசுமைக்குடில் சட்டம் முழுக்க ஜி.ஐ.தான், அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகையாக வரும். அதை இழுத்தவருக்குச் சாயங்காலத்துக்கு மேல் குளிர், நடுக்கம், காய்ச்சல், வாயில் இரும்பு ருசி. மலையில் இதைச் சளிக் காய்ச்சல் என்று எண்ணி மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும், அடுத்த வாரம் அதே வேலையில் மறுபடியும் வரும். பூச்சை இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கிரைண்டரில் எடுத்துவிட்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்று, என்.95 முகமூடியாவது போட்டு வேலை செய்யுங்கள். பால் குடித்தால், வாழைப்பழம் சாப்பிட்டால் புகை இறங்கிவிடும் என்பார்கள். இரண்டும் நல்ல சாப்பாடு, வயிற்றுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகாது.

கண்ணைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் டாக் அடிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை சாகவில்லை. 100 ஆம்பியர் ராடுக்கு 10 அல்லது 11 நம்பர் கண்ணாடி. தானே கறுக்கும் ஷீல்டு என்றால் மஞ்சில் அதன் சோலார் செல் சோம்பிவிடலாம், பேட்டரி மாற்றக்கூடிய மாடலாக வாங்கி, காலையில் வெளிச்சத்தில் சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் கேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் பையனுக்கும் ஒரு கண்ணாடி வேண்டும், ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணில் மணல் கொட்டினது போல எரிந்து அழுவது பெரும்பாலும் அவன்தான். உருளைக்கிழங்கு அரிந்து கண்ணில் வைப்பதற்கு ஊட்டியில் பஞ்சமில்லைதான், ஆனால் கிழங்கைக் குழம்புக்கு விட்டுவிட்டு, கண் டாக்டரிடம் போகலாம்.

தீ. ஜனவரியிலிருந்து மழை வரும்வரை, பனியில் கருகிய புல்லும் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலைச் சருகும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பொறி பத்து, பதினொரு மீட்டர் வரை தெறிக்கும், சரிவில் அதற்கு மேலும் உருண்டு போகும். வேலைக்கு முன் சருகைக் கூட்டி, தரையை நனைத்து, இரண்டு வாளி தண்ணீரும் மண்ணும் பக்கத்தில் வைத்து, முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். தைலம் காய்ச்சும் கொட்டகையில் அடுப்பு ஓடும்போதோ தைல டின்கள் இருக்கும்போதோ வெல்டிங் பேச்சே வேண்டாம். தேயிலை ஃபேக்டரியின் கூரைச் சட்டங்களில் பஞ்சு மாதிரி படிந்திருக்கும் தேயிலை இழையை முதலில் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள், அது சட்டத்தின் மேலேயே ஓடிப் பற்றும், கீழே நிற்பவருக்குத் தெரியாது. டீசல் டிரம், பெயின்ட் டிரம், மருந்தடிக்கும் கேன், காலியானது என்று யார் சத்தியம் பண்ணினாலும் அதில் ராடு வைக்காதீர்கள். காலி டிரம்மில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்றிரண்டு. 160 வோல்டிலிருந்து வேலை செய்யும் மெஷினா என்று தகட்டில் பாருங்கள், பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் பி.எஃப்.சி. இருந்தால் விலை கூடும், ஆனால் நம் லைனுக்கு அந்தக் காசு வீண்போகாது. ஸ்டெபிலைசர் போட்டுச் சமாளிக்கலாம் என்றால் அதுவும் அதே லைனிலிருந்துதான் இழுக்க வேண்டும். சர்வீஸ் பெரும்பாலும் கோயம்புத்தூரில்தான், பழுதானால் மலை இறங்கி ஏற ஒரு நாள் போகும், கான்டாக்ட் டிப், உருளை, நாசில் இவற்றை மெஷினோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அப்புறம் அலுமினியம். த்ரீ-இன்-ஒன்னில் டிக் இருக்கிறதே, அலுமினியப் பாத்திரம், ஏணி எல்லாம் ஒட்டலாம் என்று சொல்லி விற்கிறார்கள். அலுமினியத்தின் மேல் படிந்த ஆக்சைடை உடைக்க ஏ.சி. டிக் வேண்டும், இந்த விலையில் வரும் பெட்டிகளில் பெரும்பாலும் டி.சி. மட்டும்தான். தகட்டில் ஏ.சி. என்று டிக்குக்கு நேராக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏணியை ஏ.சி. டிக் வைத்திருக்கும் பட்டறைக்கே அனுப்பிவிடலாம்.